எவ்வளவு தூரம் என்று டாக்டர் கேட்டார்

என் வாழ்க்கையில் நான் போட்ட பெரிய சண்டை ஒரு ஃபேனுக்காக.

வேலூரில் மனநோய்க்கு வைத்தியம் பார்க்கும் ஓர் ஆஸ்பத்திரி. டாக்டரைப் பார்க்கக் காத்திருப்பவர்களுக்கு நீளமாக ஒரு பெஞ்சு. அதில் ஃபேனுக்கு நேர் கீழே இருந்த இடத்தில் என் பையை வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் பை தரையில் கிடந்தது. அந்த இடத்தில் ஒரு பெண் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். என்னைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருப்பாள். வெயிலில் காய்ந்த ஒல்லியான உடம்பு, அவசரமாக அள்ளி முடிந்த கொண்டை.

யாரைக் கேட்டு என் பையை எடுத்தாய் என்றேன். இந்த ஃபேன் உங்கப்பன் வீட்டிலிருந்து வந்ததா என்றாள். அதற்கு மேல் நடந்ததை வரிசையாகச் சொல்ல எனக்குத் தெரியாது. அவள் கொண்டையைப் பற்றி நான் ஏதோ சொன்னேன். என் மூக்கைப் பற்றி அவள் ஏதோ சொன்னாள். என் கணவர் சுவரில் ஒட்டியிருந்த குடும்பக் கட்டுப்பாட்டு விளம்பரத்தை, பரீட்சைக்குப் படிக்கிறவர் மாதிரி படித்துக்கொண்டிருந்தார். நர்ஸம்மா ஓடிவந்து எங்களைப் பிரித்து, பெஞ்சின் இந்த முனையில் என்னையும் அந்த முனையில் அவளையும் உட்கார வைத்தார். இரண்டு பேரும் தேம்பித் தேம்பி அழுதோம். அப்போது ஒரு பெரியவர் வந்தார். ஃபேனுக்குக் கீழே காலியாகக் கிடந்த இடத்தைப் பார்த்தார், உட்கார்ந்தார், துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு குறட்டை விட ஆரம்பித்துவிட்டார்.

முதலில் சிரித்தது அவளா நானா என்று எங்களுக்குள் ரொம்ப வருஷம் தகராறு ஓடியது. சிரித்து அடங்கியதும் அவள் பெரியவரைத் தாண்டி என் பக்கம் நகர்ந்து வந்து காதோடு சொன்னாள்.

“நான் இப்படிப்பட்டவ இல்லம்மா. நாளைக்கோ மறுநாளோ எனக்குத் தூரமாவணும். அதான்.”

எங்கள் பக்கத்தில் மாதவிலக்கைத் தூரம் என்றுதான் சொல்வோம். நான் முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு, எனக்கும் அப்படித்தான் என்றேன்.

இது தொண்ணூறுகளின் நடுவில். அப்போது எனக்கு நோய் வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மகள் பிறந்த சில வாரங்களில் எனக்குத் தூக்கம் போய்விட்டது. போனதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவ்வளவு சந்தோஷம். கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆரணியில் எங்கள் தெருவில் வீடு வீடாகப் போய், இனிமேல் எல்லாத் தறியிலும் மாம்பழ மஞ்சள் சேலை மட்டும்தான் ஓடவேண்டும் என்று உத்தரவு போட்டேன். ஒரு வீட்டில் தறியில் உட்கார்ந்திருந்தவர், முதலாளிதான் சொல்லி அனுப்பியிருக்கிறார் என்று நம்பி, குறுக்கு நூல் ஓட்டிக்கொண்டிருந்த நாடாவைக் கீழே வைத்துவிட்டாராம். அப்புறம் அந்தச் சந்தோஷம் நடுவில் கிழிந்து, பாயை விட்டு எழுந்திருக்க முடியாதவளாகிவிட்டேன். என் கணவர் வேலூருக்குக் கூட்டிப் போனார். இது ஏறி இறங்குகிற நோய், மாத்திரை போட்டால் சமமாக நிற்கும், ரொம்ப காலத்துக்குப் போடவேண்டியிருக்கும் என்றார்கள். போட்டேன். நின்றது. மாத்திரையைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. என் மகளுக்கு அம்மாவைத் திருப்பிக் கொடுத்தது அதுதான்.

மாதத்தில் ஒரு வாரம் மட்டும் அதுவும் கைவிட்டுவிடும்.

தூரமாவதற்கு முந்தைய அந்த நாட்களில், உடம்புக்குத் தோல் ஓர் அளவு சின்னதாகிவிட்ட மாதிரி இருக்கும். தட்டு கீழே விழுந்தால் அழுகை வரும். கூடத்தில் என் கணவர் தறி மிதிக்கிற சத்தம் என் மண்டைக்குள் மிதிக்கிற மாதிரி கேட்கும். மார்பு கல்லாகக் கனக்கும். தூக்கம் நழுவும். காரணமே இல்லாமல் மாமியாரிடம் எரிந்து விழுவேன். அப்புறம், இந்த வீட்டுக்கு நான் ஒரு பாரம் என்கிற நினைப்பு ஈரச் சாக்கு மாதிரி மேலே வந்து விழும். அது விழுந்துவிட்டால் கிணற்றடிக்குத் தனியாகப் போகமாட்டேன், மகளை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் போவேன். தூரமான அன்றோ மறுநாளோ யாரோ சாக்கைத் தூக்கிக் கடாசிய மாதிரி எல்லாம் சரியாகிவிடும். வெட்கமாக இருக்கும்.

இரண்டும் சேர்ந்து வருகிறது என்பது வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. தூரம் என்றால் சாமி அறைப் பக்கம் போகாமல் ஒதுங்கியிருப்பது. நோய் என்றால் வேலூர் பஸ். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? நான் குரலைக் கொஞ்சம் உயர்த்தினால் வீட்டில் வருகிற ஒரே கேள்வி, மாத்திரை போட்டியா என்பதுதான். அழுதாலும் அதைத்தான் கேட்பார்கள். சிரித்தால் இன்னும் மோசம். என் நோயில் அழுகையைவிடச் சிரிப்புக்குத்தான் எல்லாரும் பயந்தார்கள். அடுத்த வீட்டுக்காரி ஏதாவது தமாஷ் சொன்னால் நான் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் ஓடிப்போய்த்தான் சிரிப்பேன்.

ஆஸ்பத்திரியில் நாலு வாரத்துக்கு ஒரு தடவை வரச்சொல்லியிருந்தார்கள். போகும்போதெல்லாம் எனக்கு அழுகையும் எரிச்சலுமாக இருந்தது. டாக்டர் சின்ன வயசு, நல்ல பையன். பொறுமையாகக் கேட்பார். என் கணவரும் வீட்டில் நடப்பதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்வார். கேட்டுவிட்டு டாக்டர் மாத்திரையைக் கொஞ்சம் கூட்டுவார். அடுத்த தடவை இன்னும் கொஞ்சம். மீதி மூன்று வாரமும் நான் தூங்கி வழிந்தேன். கை நடுக்கம் வந்துவிட்டது. தறியில் நீளவாட்டில் கட்டிய பாவு நூல் முடிந்தால், புதிய பாவின் இழைகளைப் பழைய இழைகளோடு ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்ப்பது எங்கள் வீட்டில் என் வேலை. தலைமுடியைவிட மெல்லிய பட்டு இழை. நடுங்குகிற விரலுக்கு அது எங்கே அகப்படும்? பக்கத்துத் தெருவிலிருந்து ஆள் கூப்பிட்டுச் சேர்க்கவேண்டி வந்தது. நான் ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த நிலைமையில்தான் ஃபேன் சண்டை.

ஆஸ்பத்திரியில் ஊர்தான் பேர். நர்ஸம்மா ‘ஆரணி’ என்று கூப்பிட்டால் நான் எழுந்து போவேன். ‘சந்தவாசல்’ என்றால் அவள். அதனால் நாங்களும் ஒருவரை ஒருவர் அப்படியே கூப்பிட ஆரம்பித்து, அப்புறம் வேறு பேர் வாயில் நிற்கவே இல்லை. அவள் சந்தவாசலுக்குப் பக்கத்தில் ஒரு காலனியில் இருந்தாள். நடவு, களையெடுப்பு, மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற வேர்க்கடலையைப் பிடுங்குவது என்று கூலி வேலைக்குப் போகிறவள். புருஷன் செங்கல் சூளையில். அவளுக்கும் ஒரே மகள், என் மகளைவிட ஒரு வயது பெரியவள். அவளுக்கு வந்திருந்தது வேறு நோய், காதில் குரல் கேட்கிற நோய். மாத்திரையில் அந்தக் குரல் பக்கத்து வீட்டு ரேடியோ அளவுக்கு அடங்கிவிட்டது என்றாள். தூரமாவதற்கு முந்தின வாரம் மட்டும் யாரோ அதைத் திருகிச் சத்தமாக வைத்துவிடுவார்களாம். அப்போது அது அவளைத் திட்டுமாம். அவள் திருப்பித் திட்டுவாளாம். வரப்பில் நின்று தனியாகத் திட்டுகிறவளை யார் வேலைக்குக் கூப்பிடுவார்கள்?

ஒவ்வொரு தடவையும் ஒரே கிழமையில் வந்தோம். ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் உட்கார்ந்து ஒருத்தி கட்டி வந்த சோற்றை இன்னொருத்தி சாப்பிடுவோம். ஒரு நாள் எலுமிச்சை சாதத்தின் நடுவில் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏ ஆரணி, நீ நல்லாருக்கிறப்ப எப்டி இருப்ப? நான் பாத்ததே இல்லியே. எப்பப் பாத்தாலும் அழுதுகினுதான் வர்ற.”

நீ மட்டும் என்ன, எப்போது பார்த்தாலும் யாரையாவது திட்டிக்கொண்டுதான் வருகிறாய் என்றேன். சொல்லிவிட்டு யோசித்தேன். நாலு வாரத்துக்கு ஒரு தடவை ஆஸ்பத்திரி. ஏறக்குறைய நாலு வாரத்துக்கு ஒரு தடவை தூரம். இரண்டு சக்கரமும் ஒரே வேகத்தில் சுற்றுகின்றன. எங்களுடைய கெட்ட வாரம் எதுவோ, அதில்தான் மாதாமாதம் வந்து நிற்கிறோம். அவளும் நானும் நல்லபடியாக இருக்கும்போது சந்தித்ததே கிடையாது. அப்படியானால் டாக்டரும் எங்களை நல்லபடியாகப் பார்த்ததே கிடையாதே! இதை நான் சொன்னதும் அவள் சோற்றுக் கையாலேயே என் தொடையில் ஓங்கி ஒரு அடி அடித்தாள்.

அடுத்த நல்ல வாரத்தில், யாரும் கூப்பிடாமலே வந்து டாக்டரைப் பார்ப்பது என்று முடிவு செய்தோம்.

வீட்டில் சொன்னபோது மாமியார் ஒத்துக்கொள்ளவில்லை. மாத்திரைதான் கையில் இருக்கிறதே, எதற்கு வேலூர் என்றார். என் கணவர் ஒரு முகூர்த்தச் சேலையை முடித்துக்கொடுக்கிற அவசரத்தில் இருந்தார். கூட வர முடியாது. தனியாகப் போய்வருவாயா என்று என்னைக் கேட்டார். நோய் வந்தபிறகு நான் தனியாகப் பஸ் ஏறினதே இல்லை. போய்வருவேன் என்றேன். எனக்கே என் குரல் புதிதாக இருந்தது.

அவள் சந்தவாசலிலிருந்து கண்ணமங்கலம் வரைக்கும் ஒரு பஸ்ஸில் வந்து, அங்கே இறங்கி, என் ஆரணி பஸ்ஸுக்காகக் காத்திருந்தாள். தலை சீவிப் பின்னி, பூ வைத்து, மடியில் அவித்த மல்லாட்டையோடு நின்ற பெண்ணை எனக்கு அடையாளமே தெரியவில்லை. அவள் கண்ணும் என்னைத் தாண்டிப் போய்த் தேடியது. பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்புறம் இரண்டு பேருக்கும் பேச்சே வரவில்லை. அந்தக் கத்தல் கத்தின பெண்கள், பெண் பார்க்க வந்த இடத்தில் உட்கார்ந்த மாதிரி மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தோம். வெயில் அதிகம் இல்லையா என்று அவள் கேட்டாள். ஆமாம் என்றேன். கொஞ்ச தூரம் போனதும் எனக்குச் சிரிப்பு பொங்கியது. அடக்கினேன். அடக்க அடக்க அவளுக்கும் தொற்றியது. வேலூர் வரைக்கும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டோம்.

டாக்டர் அறைக்குள் சேர்ந்தே போனோம். அவர் என்னைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். பேஷன்ட் வரவில்லையா, நீங்கள் அவருடைய அக்காவா என்று கேட்டார்.

நான் சிரித்துவிட்டேன். அவர் முகம் சட்டென்று மாறியது. பேனாவைத் திறந்தார். என் நோயில் சிரிப்பு என்றால் என்ன அர்த்தம் என்று அவருக்கும் தெரியுமே. நான் பயந்துபோய் வாயை மூட, அவள்தான் முன்னால் வந்தாள்.

“அது வியாதி சிரிப்பு இல்ல சார். நெஜமான சிரிப்பு. நாங்க நல்லாத்தான் இருக்கறோம். எங்களுக்குத் தூரம்தான் சார் பிரச்சனை.”

டாக்டர் தலையாட்டினார். அவர் வேறு மாநிலத்தில் வளர்ந்தவர், தமிழைப் படித்துக் கற்றுக்கொண்டு பேசுகிறவர். பரிவாகக் கேட்டார்.

“எவ்வளவு தூரம்?”

நாங்கள் விழித்தோம். எவ்வளவு என்றால் எப்படிச் சொல்வது? அவள் யோசித்து, மூன்று நாள் நல்லா இருக்கும் சார், நாலாம் நாள் கொஞ்சம் கம்மி என்றாள். டாக்டர் திகைத்துப்போனார். ஆரணியிலிருந்து வர மூன்று நாளா என்றார். இல்லை சார், எனக்கு மூன்று நாள், இவளுக்கு எப்படியோ என்று அவள் என்னைக் கைகாட்டினாள். அவ்வளவு தொலைவாக இருந்தால் பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியிலேயே மாத்திரை வாங்கிக்கொள்ள ஏற்பாடு செய்கிறேன், நீங்கள் கஷ்டப்பட வேண்டாம் என்று அவர் உருக்கமாகச் சொல்ல, மூலையில் சீட்டு அடுக்கிக்கொண்டிருந்த நர்ஸம்மா மேஜையைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டார். தோள் குலுங்கியது. ஒருவழியாக நிமிர்ந்து, பீரியட்ஸ் சார் என்றார்.

டாக்டரின் காது சிவந்தது. அப்புறம், அதை நான் மறக்கமாட்டேன், அவரும் சிரித்தார். மேஜையில் நெற்றியை வைத்துச் சிரித்தார். நாலு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். வெளியில் காத்திருந்தவர்கள் உள்ளே என்ன வைத்தியம் நடக்கிறதென்று கதவு இடுக்கில் எட்டிப் பார்த்தார்கள்.

சிரித்து முடித்து டாக்டர் பேனாவை மூடிவைத்தார். இனிமேல் மெதுவாக, முதலிலிருந்து சொல்லுங்கள் என்றார். சொன்னோம். கெட்ட வாரத்தை, கிணற்றடியை, திட்டுகிற குரலை, தூரமான மறுநாள் எல்லாம் வடிந்துபோவதை. நடுவில் என் குரல் உடைந்தபோது அவர் குறுக்கே பேசவில்லை. எழுந்து போய்ப் பெரிய டாக்டரம்மாவையே அழைத்துவந்துவிட்டார். இதை நான் முன்பே கேட்டிருக்கவேண்டும் என்று அவரிடம் சொன்னார்.

டாக்டரம்மாவுக்கு இது புதிதில்லை. உங்கள் இருவருக்கும் நோய் வேறு வேறு, ஆனால் தூரத்துக்கு முன்னால் உடம்பில் நடக்கிற மாற்றம், இருக்கிற நோயைக் கிளறிவிடுவது சில பெண்களுக்கு உண்டு என்றார். கற்பனை இல்லை, திமிரும் இல்லை என்றார். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள் என்று இரண்டு தடவை சொன்னார். கொஞ்ச மாதம் எந்தெந்த நாள் மோசம் என்று குறித்துக்கொண்டு வாருங்கள், நல்ல வாரத்திலும் வந்து முகத்தைக் காட்டுங்கள், ரத்தம் பார்த்து மெதுவாகச் சரிசெய்வோம் என்றார். கிணற்றடி நினைப்பு வந்தால் மாதக் கணக்கு பார்க்காமல் அன்றைக்கே வரவேண்டும் என்று என் கையைப் பிடித்துச் சொன்னார்.

திரும்பும்போது பஸ்ஸில் நாங்கள் அடக்கவே இல்லை. எவ்வளவு தூரம் என்று ஒருத்தி கேட்க, ஆரணியிலிருந்து மூன்று நாள் என்று இன்னொருத்தி சொல்ல, முன் சீட்டுக்காரர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். கண்டக்டர் எங்களைக் கடக்கும்போதெல்லாம் அவருக்கும் காரணம் தெரியாமலே பல் தெரிந்தது. கண்ணமங்கலத்தில் அவள் இறங்கி, கீழே நின்றுகொண்டு, ஜன்னல் வழியாக என் கையில் மிச்ச மல்லாட்டையைத் திணித்தாள்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீட்டுக்கு வந்தேன். டாக்டர் என்ன சொன்னார் என்று மாமியார் கேட்டார். பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அந்தக் காது சிவந்தது நினைவுக்கு வந்தது. வாசற்படியிலேயே உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். மாமியார் முகம் வெளுத்துவிட்டது. ஆரம்பித்துவிட்டது, ஜல்தியா வண்டி பிடி என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். தனியாக அனுப்பாதே என்று சொன்னேனே, கேட்டாயா என்று தலையில் அடித்துக்கொண்டார். தறிச் சத்தம் நின்றது. என் கணவர் வந்தார். மாத்திரை போட்டியா என்று கேட்டார். அதைக் கேட்டதும் எனக்கு இன்னும் சிரிப்பு. போட்டேன் என்று சொல்லக்கூட முடியவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். உள்ளே எனக்குப் பயமாகவும் இருந்தது. இப்போது நிறுத்தாவிட்டால் என்னைத் திரும்ப வேலூருக்கே கொண்டுபோய்விடுவார்கள்.

அவர் வண்டி பிடிக்கப் போகவில்லை. என் எதிரில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

“சரி, இன்னான்னு சொல்லு. நானும் சிரிக்கிறேன்.”

மூச்சுப் பிடித்துப் பிடித்துச் சொன்னேன். அக்காவா என்று கேட்டதை. தூரத்தை. மூன்று நாளை. அவர் கவனமாகக் கேட்டுக்கொண்டே வந்தார். பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் ஏற்பாடு செய்கிறேன் என்று டாக்டர் சொன்ன இடத்தில் அவர் உதடு துடித்தது. அப்புறம் பின்னால் சாய்ந்து, தறிக் கம்பத்தில் தலை மோத, சத்தமாகச் சிரித்தார். கல்யாணமானதிலிருந்து அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. மகள் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டுக் கைதட்டிக் குதித்தாள். மாமியார் என்னையும் பார்த்தார், மகனையும் பார்த்தார். சாமி அறைக்குப் போய் விபூதித் தட்டை எடுத்துவந்து, முதலில் மகன் நெற்றியிலும் அப்புறம் என் நெற்றியிலும் அள்ளிப் பூசிவிட்டார்.

நாள் குறிக்க எனக்கு ஸ்டிக்கர் பொட்டுதான் தோதுப்பட்டது. கூடத்தில் மாட்டியிருந்த பட்டுக்கடை காலண்டரில், மோசமான நாட்களில் சிவப்புப் பொட்டு ஒன்றை ஒட்டிவிடுவேன். எதற்கு என்று கணவருக்கு மட்டும்தான் சொல்லியிருந்தேன். மாமியார் அதைப் பார்த்து, மருமகள் யாரிடமோ கேட்டு நல்ல நாள் குறித்துவைக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார். பக்கத்து வீட்டுக்காரி புதுத் தறி போட நாள் தேடியபோது, எங்கள் காலண்டரைப் பார்த்துப் போன மாதத்துப் பொட்டுகளை அனுசரித்து ஒரு தேதி சொல்லியும் விட்டார். அந்தத் தேதியும் வந்தது. என் கெட்ட வாரமும் கூடவே வந்தது. தறிப் பூஜையில் கற்பூரம் காட்டும்போது நான் ஓவென்று அழுதேன். பக்கத்து வீட்டுக்காரி நெகிழ்ந்துபோய், என் தறிக்காக ஆரணியிலேயே இவ்வளவு உருகினது நீதான் என்று என்னைக் கட்டிக்கொண்டாள். அன்று மத்தியானம் என் கணவர் தன் அம்மாவை உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னார். எப்படிச் சொன்னாரோ. மாமியார் ரெண்டு நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள், அந்தப் பக்கத்து வீட்டுக்காரிக்கு மட்டும் தெரியவேண்டாம் என்றார்.

அதிலிருந்து வீட்டில் ‘பொட்டு வாரம்’ என்று ஒரு வார்த்தை புழங்கியது. பொட்டு வாரத்தில் இழை சேர்க்கிற வேலை எனக்கு இல்லை. காப்பியைக் குறைத்தேன். கோயிலோ கல்யாணமோ, முடிந்தால் தள்ளிவைத்தோம். டாக்டரம்மா ரத்தம் பார்த்துப் பார்த்து மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய அளவுக்குக் கொண்டுவந்தார். கை நடுக்கம் குறைந்தது. ஒரு மழைநாளில் ஒரு முழுப் பாவையும் நானே சேர்த்து முடித்துவிட்டு, விரலையெல்லாம் மகளுக்கு விரித்து விரித்துக் காட்டினேன். ஆனாலும் புதுத் தொல்லை ஒன்று வந்தது. நியாயமாகக் கோபப்பட்டாலும், பொட்டு வாரமா என்று கேட்பார்கள். கையைப் பிடித்து இழுத்துப்போய்க் காலண்டரைக் காட்டுவேன். பொட்டு இல்லை, இது நிஜக் கோபம், பதில் சொல்லுங்கள் என்பேன். பதில் வரும்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது பொய். சில மாதம் சாக்கு பழையபடியே விழுந்தது. இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு தடவை, நடவுக் காலத்தில் தூக்கம் தள்ளுகிறதென்று சந்தவாசல் மாத்திரையை நிறுத்திவிட்டாள். குரல் திரும்பி வந்தது. இந்த முறை ஒரு வாரத்தோடு போகவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நான் சோறு கட்டிக்கொண்டு போனபோது அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். பேசவில்லை. அடுத்த முறையும் பேசவில்லை. அதற்கடுத்த முறை என் பையை வாங்கிப் பிரித்துக்கொண்டே, கட்டிலை ஃபேனுக்குக் கீழே தள்ளிப்போடச் சொல்லு ஆரணி என்றாள். நான் வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்று அழுதேன். ஆனந்தத்தில்தான்.

அதற்குச் சில வருஷம் கழித்து, ஒரு முற்பகல், அவள் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். முதல் முறையாக. கையில் வெற்றிலை பாக்குத் தட்டு. மகள் பெரியவளாகிவிட்டாள், மஞ்சள் நீராட்டு வைத்திருக்கிறோம் என்றாள். உள்ளே வா என்று நான் கூப்பிட்டேன். மாமியார் கூப்பிடவில்லை. அவள் அதைப் பார்த்தாள், படிக்குக் கீழேயே நின்றுகொண்டாள். அங்கிருந்தே என் கணவரிடம் பேசினாள்.

“அண்ணா, எனக்குக் கூடப் பொறந்தவங்க இல்ல. எம் பொண்ணுக்கு மாமன் சீர் வெக்க ஆளில்ல. நீங்க வந்து நிக்கறீங்களா?”

நெசவுக்காரர் வீட்டு ஆள், காலனியில், தாய்மாமனாக. தெருவில் இரண்டு ஜன்னல் திறந்தது. என் கணவர் அம்மாவின் முகத்தைப் பார்த்தார். அன்று எனக்குப் பொட்டு நாள், அவளுக்கும்தான். அவள் கண் நிறைந்ததைப் பார்த்து நானும் வாய்விட்டு அழ ஆரம்பித்தேன், அவளும் சேர்ந்துகொண்டாள். மூன்றாவது ஜன்னலும் திறந்தது. மாமியாருக்குத் தாங்கவில்லை. இது என்னடா பேஜாராப் போச்சு, வரேன்னு சொல்லித் தொலைடா, தெருவே பார்க்கிறது என்றார். என் கணவர் வாசலுக்கு இறங்கிப் போய், இரண்டு கையாலும் தட்டை வாங்கிக்கொண்டார்.

முதலாளியிடம் கேட்டு, பாவின் கடைசியில் மிஞ்சுகிற நூலில் ஒரு பாவாடைத் துணி நெய்தார். கிளிப்பச்சை, ஜரிகைக் கரை. விழாவன்று வாடகை வேனில் போனோம். மலையடிவாரத்தில் பந்தல், ரேடியோ செட் காது கிழிய. நாலு பேருக்கு முன்னால் பேசவே கூச்சப்படுகிற மனுஷனுக்கு மாலை போட்டு, தலையில் துண்டு கட்டி, கையில் சீர்த்தட்டைக் கொடுத்து, ஆரணி மாமா வராரு வழி விடுங்க என்று கூட்டிப்போனார்கள். அவர் நடந்த நடையைப் பார்த்து அவளும் நானும் ஒருவர் தோளில் ஒருவர் முகத்தைப் புதைத்துக்கொண்டோம். மாமியாரும் வந்திருந்தார். யார் சொல்லியும் பந்தியில் உட்காரவில்லை. இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து கலர் சோடா மட்டும் குடித்தார். ஒன்று முடிந்ததும் இன்னொன்று கேட்டு வாங்கிக் குடித்தார்.

அவள் மகளுக்குப் புடவை கட்டிவிட என்னைக் கூப்பிட்டார்கள். கொசுவத்தை மடித்துக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் குனிந்து என்னிடம் மெதுவாகக் கேட்டாள்.

“அத்தே, எனக்கும் உங்க ரெண்டு பேரு மாதிரி வருமா?”

கொசுவம் என் கையிலிருந்து நழுவியது. வரலாம், வராமலும் போகலாம் என்றேன். நிறையப் பேருக்கு வருவதில்லை. வந்தால் மறைக்காதே, அம்மாவிடம் சொல், இல்லாவிட்டால் என்னிடம் சொல், அதற்கு வழி இருக்கிறது என்றேன். அப்படியானால் சரி, பூ வைங்க என்றாள்.

சீரெல்லாம் முடிந்ததும் யாரோ ரேடியோ செட்டில் குத்துப் பாட்டுப் போட்டார்கள். காலனிப் பெண்கள் பந்தலுக்கு நடுவில் இறங்கினார்கள். சந்தவாசல் என் கையைப் பிடித்து இழுத்தாள். நான் வாழ்க்கையில் ஆடினதே இல்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கினேன். வேன்காரர் நேரமாகிறதென்று ரோட்டிலிருந்து ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். இன்னும் ஒரு பாட்டு என்று என் கணவரிடம் சொல்லி அனுப்பினேன்.